குதிகால் குழி

எங்கள் வீட்டுக் கொல்லையில் கோழிகளுக்காகக் கம்பிவலை கட்டிய இடத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு குதிகால் தடம் இருக்கிறது. களிமண்ணில் அழுந்தி, காய்ந்து, கல்லாக இறுகிவிட்டது. அகலமான குதிகால். ஓரங்களில் பித்தவெடிப்புகூட வரிவரியாகப் பதிந்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் கோழி பார்க்கிற சாக்கில் குனிந்து, "இது யாரு காலு?" என்று கேட்பார்கள். "என் காலுதான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிடுவேன். நான் போடுவது ஏழாம் நம்பர் செருப்பு. இதுவரை யாரும் தடத்தையும் செருப்பையும் மாறிமாறிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும், வீட்டுக்காரன் மனம் நோகக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு போயிருப்பார்கள்.

அது கங்காணியின் கால்.

துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் சேர்வதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் நான் ஓர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. பெயர்தான் கணக்கப்பிள்ளை. நான் அங்கே முழுநேரமும் பார்த்த வேலை வானத்தைப் பார்ப்பது. பருவம் தப்பி ஒரு மழை விழுந்தால் பாத்தியில் விளைந்ததெல்லாம் கரைந்துவிடும் என்று சேர்ந்த முதல் நாளே யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கடல் பக்கம் கைக்குட்டை அளவு மேகம் தெரிந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். செருப்பைக்கூட மாட்டாமல் வரப்பு வரப்பாக ஓடுவேன். ஓலை எங்கே, தார்ப்பாய் எங்கே என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்துவேன். ஒருநாள் அப்படி இருபது பேரை விரட்டி உப்பு அம்பாரம் முழுக்க ஓலை போட்டு மூடிய பிறகு பார்த்தால், அது மேகமே இல்லை. தூரத்துப் புகைபோக்கியிலிருந்து வந்த புகை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலையாட்களுக்குத் தலைவரான கங்காணி மட்டும் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு நிதானமாக மாற்றிவிட்டுச் சொன்னார்: "ஏலே, உப்புக்கு அப்புறமா ஓலை போட்டுக்கிடலாம். மொதல்ல நம்ம கணக்கப்புள்ளைக்குப் போடுங்க. அவருதான் கரைஞ்சிருவாரு போல இருக்கு."

அதன்பிறகு நான் அங்கே இருந்தவரை, வானம் லேசாக இருட்டினாலே யாராவது ஒருவர் ஓலைக் கீற்றைத் தூக்கிக்கொண்டு என் அறைவாசலில் வந்து நிற்பார்கள்.

கங்காணி என்னைவிடப் பத்துப் பதினோரு வயது மூத்தவர். ஒல்லியான ஆள், பாதம் மட்டும் வேறு யாரிடமோ கடன் வாங்கியதுபோல அகலம். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் பாத்தி மிதிப்பு தொடங்கும். சேறாகக் குழைந்து கிடக்கும் தரையை ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று குதிகாலால் மிதித்து மிதித்து நகர்வார்கள். காயவிட்டு மிதிக்க வேண்டும், மறுபடி காயவிட்டு மிதிக்க வேண்டும். மேலே நிற்கிற தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் கீழே இறங்காது என்கிற பதம் வரும்வரை விடக்கூடாது. கடைசியில் கங்காணி தனியாகப் பாத்தியின் நடுவில் போய் நிற்பார். வலது குதிகாலை ஊன்றி ஒரு திருகு திருகுவார். தடம் விழுந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு எல்லோரையும் மறுபடி இறக்குவார். விழாவிட்டால், "மடையத் தொறங்கலே" என்பார். அவர் தேர்ச்சி கொடுத்த தரையில் யாராவது தெரியாமல் நடந்து குழி போட்டுவிட்டால், அந்த ஆளின் ஏழு தலைமுறையும் அன்றைக்கு விக்கல் எடுத்திருக்கும்.

நான் அளத்தை விட்டு வந்து பல வருடங்களுக்குப் பிறகு, ஒரு புரட்டாசியில், என் மனைவி சென்னைக்குப் புறப்பட்டாள். மகளுக்கு இரண்டாவது பிரசவம், மூன்று மாதமாவது ஆகும். போகும்போது என்னிடம் விட்டுச் சென்றது ஒன்பது கோழிகளை. எட்டுப் பெட்டை, ஒரு சேவல். பெட்டைகளில் கறுப்பியை அவள் கையிலேயே வைத்து வளர்த்தாள். முந்தின மாதம்தான் பக்கத்துக் காலிமனையிலிருந்து ஒரு கீரி வேலிக்கு அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு வந்து இரண்டு குஞ்சுகளைக் கொண்டுபோயிருந்தது. ரயில் நகர்கிற நேரத்தில் ஜன்னல் வழியாக அவள் சொன்னது பேரனைப் பற்றி இல்லை. "ஏங்க, வலை கட்டுனா மட்டும் போதாது. தரையப் பாருங்க. கீரி மேல வராது, கீழதான் வரும். நான் திரும்பி வாரப்போ ஒம்பதும் இருக்கணும்."

முப்பது வருட இல்வாழ்க்கையில் அவள் என்னை நம்பி ஒப்படைத்த உயிர்கள் இவைதான். பிள்ளைகளைக்கூட இவ்வளவு நேரம் தனியாக விட்டதில்லை. இரண்டு நாளில் கம்பிவலை கட்டிவிட்டேன். தரைதான் என்னைப் பிடித்து ஆட்டியது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அலுவலகத்தில் ஒருவர் சிமெண்ட் போடச் சொன்னார். ஆனால் கோழிக்குக் கிளற மண் வேண்டும், கெட்டித் தரையில் நின்றால் பாதத்தில் ஆணி வரும் என்று என் மனைவி சொன்ன ஞாபகம். கடற்கரை மணல் சும்மா கிடைக்கும். ஆனால் அதில் உப்பு இருக்கும், கோழி கொத்தித் தின்று செத்துவிட்டால்? சாயர்புரம் பக்கத்திலிருந்து மச்சான் தேரிச் செம்மண்ணை வண்டியில் அனுப்புவதாகச் சொன்னார். அது பொலபொலவென்று இருக்கும், கீரிக்கு நானே சிவப்புக் கம்பளம் விரித்த மாதிரி ஆகிவிடும். உமி போடலாம் என்றார்கள், ஈரம்பட்டால் புழுக்கும். நான் ராத்திரியெல்லாம் தரை தரையாக யோசித்துவிட்டு, காலையில் அலுவலகத்தில் போய்த் தூங்கினேன்.

இந்தப் புலம்பலை டீக்கடையில் கேட்டுக்கொண்டிருந்த கங்காணி, டம்ளரைக் கீழே வைத்தார். மூட்டுவலியால் அவர் அளத்துக்குப் போவதை நிறுத்தி அப்போது இரண்டு வருடம். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வேலையில்லாத அந்தக் கால்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுகூடச் சும்மா இராது, தரையை அழுத்திக்கொண்டே இருக்கும்.

"கீரி தோண்டாத தரைதானவே வேணும்? நான் போட்டுத் தாரேன்" என்றார். "கீரி என்ன, கடப்பாரையே எறங்காது."

எனக்குப் பெரிய நிம்மதி. இந்த ஊரில் தரையைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்? களிமண் வந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்தோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மூட்டுவலி எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் கூடவே மிதித்தேன். "என்னவே, கோலம் போடுதீரா? அழுத்தி மிதியும்" என்று திட்டு வாங்கினேன். காயவிட்டு மிதித்தோம், மறுபடி காயவிட்டு மிதித்தோம். எட்டாம் நாள் தரை பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. நாலு பக்கமும் அரையடி உயரத்தில் ஒரு வரப்பும் எழும்பியிருந்தது. அதை எதற்குக் கட்டினார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் உப்பளத்தில் இருந்தவனுக்குத் தரை என்றால் வரப்பு இருக்கத்தானே செய்யும்!

கடைசியில் அவர் நடுவில் நின்று குதிகாலைத் திருகினார். தடம் இல்லை. மூலைமூலையாகப் போய்த் திருகினார். முருங்கை நிழல் விழுகிற வடகிழக்கு மூலையில் மட்டும் ஈரம் காயாமல் இருந்ததால் குதிகால் உள்ளே அழுந்திவிட்டது. முகத்தைச் சுளித்தார். "கோழிக்குத்தான அண்ணாச்சி, போதும், டீ ஆறுது" என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். டீ குடித்து முடிக்கும்வரை அந்த மூலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் ராஜவாழ்க்கை. கீரி ஒருநாள் வந்து சுற்றிச் சுற்றிப் பிறாண்டிவிட்டு, அவமானப்பட்டுத் திரும்பியது. கறுப்பி ஓலைக் கூடையில் பதினொரு முட்டைக்கு மேல் அடை உட்கார்ந்தாள். நான் சென்னைக்கு போன் போட்டு, குரலை ஒரு சுற்று உயர்த்திப் பேசினேன்.

அப்புறம் ஐப்பசி அடைமழை.

விடியற்காலையில் பிடித்தது, ஏழு மணிக்கு எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தால் கம்பிவலைக்குள்ளே ஒரு குளம். கணுக்காலுக்கு மேலே தண்ணீர், ஒரு சொட்டு இறங்கவில்லை, ஒரு சொட்டு வெளியே போகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கோழிகளுக்கு முதல்தரமான உப்புப் பாத்தி கட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோழிகள் குச்சியில் ஏறி நின்று என்னையே பார்த்தன. கறுப்பியின் கூடை மட்டும் தரையில், ரெண்டு செங்கல் மேல். தண்ணீர் கூடையின் அடியைத் தொட்டுவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் நான் வரிசையாக எதையும் செய்யவில்லை. கங்காணிக்கு போன் போட்டு, அவர் எடுத்ததும் பேசாமல் அழுதிருக்கிறேன். கோழிகளை ஒவ்வொன்றாகக் கக்கத்தில் இடுக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டேன். எட்டாவதை இறக்கிய சமயம் சரியாக என் மனைவி வீடியோ காலில் வந்தாள். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, "இங்கன சும்மா தூறல்தான்" என்று சிரித்தேன். "ஏங்க, டிவி மேல என்னது?" என்றாள். சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டு நானே துண்டித்தேன். துண்டிக்கும்போது சேவல் கூவியது.

கறுப்பி மட்டும் என்னை அண்டவிடவில்லை. கைநீட்டினால் கொத்தினாள். அந்த நேரத்தில் கங்காணி சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். கோழியோடு முட்டையோடு கூடையைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"ஆடாமப் பிடியும்வே. கோழிக்குத் தலை சுத்தப்போவுது."

பிறகு தண்ணீரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு கேலியாவது வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பயம் என்பது என் ஒருவனுடைய சொத்து என்று அதுவரை நினைத்திருந்தேன். என் பயம் ஓடும், கத்தும், கோழியை டிவி மேல் ஏற்றும். அவருடையது அசையாமல் நின்றது, தாடை மட்டும் வெற்றிலை இல்லாமலே மென்றுகொண்டிருந்தது. ஆயுள் முழுக்க ஒரே ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்த மனிதர், அந்தத் திருத்தத்தாலேயே ஒரு தப்புச் செய்துவிட்டு நிற்கிறார். தண்ணீருக்குள் நின்றபடியே, பழக்கத்தில் குதிகாலைத் திருகினார்.

"நல்லாத்தான் இறுகியிருக்கு" என்றார் மெல்ல.

கடப்பாரை கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஓங்கியவர், இறக்கிவிட்டார்.

"கணக்கப்புள்ள, நீரு கொஞ்சம் அங்கன திரும்பிக்கிடும்."

திரும்பிக்கொண்டேன். கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, கறுப்பியின் சூட்டை வயிற்றில் உணர்ந்துகொண்டு நின்றேன். பின்னால் முதலில் வரப்பு உடைகிற சத்தம். பிறகு தரையில் கடப்பாரை விழுகிற சத்தம். ஒவ்வொரு குத்துக்கும் அவரிடமிருந்து ஒரு முனகல் வந்தது, அது மூட்டுவலியா வேறெதுவுமா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனையோ குத்துகளுக்குப் பிறகு, களக் களக் என்று தண்ணீர் பூமிக்குள் இறங்க ஆரம்பித்தது.

மழை விட்ட பிறகு தரையை முழுசாகக் கொத்தி எடுத்தோம். ஒரு முழ ஆழத்தில் கம்பிவலையைப் படுக்கையாக விரித்து, அதன்மேல் செங்கல் உடைசலைக் கொட்டி, மேலே மச்சான் அனுப்பிய தேரிச் செம்மண்ணை இரண்டு சாண் உயரத்துக்குப் போட்டோம். எவ்வளவு மழை பெய்தாலும் அரைமணி நேரத்தில் காய்ந்தது. கோழிகள் குழி பறித்து மண்குளியல் போட்டன. வடகிழக்கு மூலையில் ஒரு பலகை அளவுக் களித்தரையை மட்டும் அவர் கொத்தவில்லை. "இங்கன மட்டும் கெடக்கட்டும்வே. கீரி வந்தா இந்த மூலை வழியாத்தான் வரும்" என்றார். அவருடைய பரீட்சையில் தோற்ற ஒரே இடம் அதுதான். கடப்பாரைக்குத் தப்பியதும் அதுதான்.

என் மனைவி மார்கழியில் திரும்பினாள். ஒன்பது கோழி, கூடவே ஏழு குஞ்சு. அண்டை வீட்டார் குளத்தைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தார்கள். விசாரணை நடந்தபோது கங்காணியும் இருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், கண்ணே சிமிட்டாமல் சொன்னார்: "நான் ஊர்லயே இல்லம்மா. ஒங்க வீட்டுக்காரருதான் உப்பள ஞாபகத்துல மிதிச்சிட்டாரு. வந்து பாத்து நான்தான் ஒடச்சுவிட்டேன்." "ஆமா, நான்தான்" என்றேன். எத்தனையோ பேருக்கு முன்னால் என்னைக் கேலி செய்த மனிதருக்கு நான் செய்த ஒரே உபகாரம் அது. போன வருடம் தை மாதம், பாத்தி மிதிக்கிற பருவத்தில், அவர் இறந்துபோனார். அதன் பிறகும் நான் சொல்லவில்லை.

இன்று காலையிலிருந்து வானம் இருட்டிக் கிடக்கிறது. போனில் மழை எச்சரிக்கை வந்தது. நான் கொல்லைக்கும் வாசலுக்கும் பத்துத்தடவை நடந்துவிட்டேன். தரை காயும், குச்சி உயரமாக இருக்கிறது, கூடை மேலே தொங்குகிறது, எல்லாம் தெரியும். இருந்தும் கால் நிற்கவில்லை. முதல் மழை பெய்து ஓய்ந்ததும் வலைக்குள்ளே போய்ப் பார்த்தேன். செம்மண் முழுக்க தண்ணீரைக் குடித்துவிட்டது. மூலையில் அந்தக் குழியில் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் தளும்பாமல் நின்றது. ஏனோ தோன்றியது, செருப்பைக் கழற்றிவிட்டு என் குதிகாலை அதற்குள் வைத்தேன். சுற்றிலும் இடம் மிச்சம் இருந்தது.

"அது ஒங்க காலு இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் என் மனைவி, கொல்லைக் கதவில் சாய்ந்துகொண்டு. "பாவம், பெரிய மனுசன். அதான் கேக்கல." பிறகு கையிலிருந்த ஓலைக் கீற்றை என் தலைக்கு மேல் பிடித்தாள்.

கறுப்பி வந்து என் கணுக்காலில் ஒரு கொத்துக் கொத்தினாள். காலை எடுத்தேன். மிச்சமிருந்த தண்ணீரைக் குனிந்து குடித்தாள்.