கொல்லைக் கதவில் நசுங்கிய ஒயர்

பக்கத்து மனையில் யாரோ சுவரைத் துளைக்கிறார்கள். கர்ரென்று ஏறி, கல்லில் முட்டி, கீச்சிட்டு, மறுபடி கர்ரென்று. சத்தத்தோடு சூடேறிய சிமெண்ட் வாசமும் ஜன்னல் வழியே வந்து நாக்கில் ஒட்டுகிறது. எனக்குள் ஒரு பழைய கோபம் எழுந்து உட்காருகிறது.

திண்டுக்கல்லில் அப்பா கட்டிய கருங்கல் வீடு. கீழ்ச்சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். வெயில் உள்ளே வரக்கூடாது என்று கட்டினார். வெயில் வரவில்லை, செல்போன் சிக்னலும் வரவில்லை. வீட்டை அண்ணனுக்கும் தங்கைக்கும் பொதுவாக எழுதிவிட்டு, எனக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் மழையை நம்பிக் கிடக்கும் காட்டைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கீழே அண்ணன் குடும்பம். மாடியில் தங்கை, தனியாக. நான் காந்திகிராமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்தேன்.

மூன்று வயதில் வந்த காய்ச்சல் தங்கையின் கேட்கும் திறனை எடுத்துக்கொண்டு போனது. பிறகு அவள் கைகள் பேசக் கற்றன. படித்தாள். ஒரு நிறுவனத்தில் தற்காலிகமாகச் சேர்ந்து, காது கேளாத பிள்ளைகளுக்கு வீடியோவில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு வரை. எட்டுப் பிள்ளைகள். பாலசமுத்திரத்திலிருந்து ஒருத்தி, அம்மாவின் போனைத் தென்னை மரத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவாள்.

குரல் அறுந்தால் நாம் "ஹலோ, ஹலோ" என்று கத்துவோம். இவர்கள் என்ன செய்வார்கள்? படம் நின்றால் பேச்சே நின்றது. "நாலில் ஒன்று" என்று சொல்லக் கிளம்பிய கை பாதி வழியில் உறைந்து நிற்கும். எட்டுச் சதுரங்களில் எட்டு முகங்கள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அதற்காகத்தான் மெஷ் வைஃபை பெட்டிகள் வாங்கினேன். மூன்று வெள்ளை டப்பாக்கள். ஒன்று கீழே டிவிக்குப் பக்கத்தில், ஒன்று மாடிப்படித் திருப்பத்தில், ஒன்று தங்கையின் மேசையில். ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி வீடு முழுக்க நெட்டைப் பரப்பும் என்றார்கள். அப்பாவின் கருங்கல்லிடம் அவர்கள் கேட்கவில்லை போலும்.

நெட் ஒயர் போடுகிற பாய் வந்து பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், இது கோட்டையால்ல இருக்கு! காத்துல கை மாத்தி விட்டா பாதி வழியிலயே கொட்டிரும். டப்பாவுக்கு டப்பா ஒயர் இழுத்துருவோம். கூடத்து மூலையில ஒரு ஓட்டை. சுண்டு வெரல் மொத்தம்தான்."

அண்ணன் நாற்காலியிலிருந்து எழவில்லை. "இப்பத்தான் பட்டி பாத்துப் பெயிண்ட் அடிச்சிருக்கு. ஓட்டையெல்லாம் ஆகாது."

"ஏசிக்கு மணிக்கட்டு மொத்தத்துல போட்டிருக்கியேண்ணே. வாசல் கேமராவுக்கு நாலு ஓட்டை."

"அது வீட்டுக்கு வேணும். இவளுக்குக் காதே கேக்காது. இவளுக்கு எதுக்குலே இம்புட்டு நெட்டு?"

தங்கை படியில் நின்றிருந்தாள். உதடுகளைப் படிக்கத் தெரிந்தவள். அண்ணன் அவளுக்கு முகம் காட்டி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லியிருந்தார். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. திரும்பி மேலே போய்விட்டாள். எனக்குத்தான் காது இரண்டும் பற்றி எரிந்தன. அன்றைக்கே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. பாய்க்கு முன்னால் எதற்கு என்று விழுங்கிக்கொண்டேன். அந்த விழுங்கலை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். கூடத்திலிருந்து தரையோரமாக அடுப்படிக்கு, அங்கிருந்து கொல்லைக் கதவின் அடிச்சந்து வழியாக வெளியே, வெளிச்சுவரில் ஏறி மாடிக்கு. படித் திருப்பத்து டப்பாவுக்கு மாடியிலிருந்தே ஒரு கிளை. ஓட்டை இல்லை. பட்டிக்குச் சேதமில்லை. அன்று மதியம் மாடியில் நெட்டு ஆற்று வெள்ளமாகப் பாய்ந்தது. பாய் பெருமையோடு போனார்.

அன்று சாயங்காலமே படம் நின்றது.

மறுநாள் காலை பாய் வந்து சோதித்தார். வெள்ளம். சாயங்காலம், நின்றது. "டப்பாதான் கோளாறு" என்றார் பாய். டப்பாவை மாற்றினோம். காலையில் வெள்ளம், சாயங்காலம் வறட்சி. அண்ணி மாடியை அண்ணாந்து பார்த்து, "பொழுது சாய்ஞ்சா எல்லாரும்தான் நெட்டுப் பாப்பாக, தம்பி. அவளுக்கு மட்டும் தனியா வருமா?" என்றார். ஒரு வாரம் போயிற்று. வியாழக்கிழமை நிறுவனத்து மேற்பார்வையாளர் வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். அதை வைத்துத்தான் தங்கையை நிரந்தரமாக எடுப்பார்களா, அனுப்பிவிடுவார்களா என்பது.

புதன்கிழமை நான் மாடியில் போய் உட்கார்ந்தேன். தங்கை ஒரு தாளை என் முன் வைத்தாள். ஒவ்வொரு நாளும் படம் நின்ற நேரத்தைக் குறித்திருந்தாள். 5.58. 6.03. 6.01. 6.00. தாளைத் தட்டி, கைகளால் சொன்னாள்: "இது மிஷினோட பழக்கம் இல்ல. மனுசப் பழக்கம்."

ஆறு மணி. வகுப்பு ஓடிக்கொண்டிருக்க, டப்பாவின் வெள்ளை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் டொக்கென்று விழுந்தது. விளக்கு மஞ்சளாக மாறியது. திரையில் எட்டு முகங்களும் உறைந்தன.

தாழ்ப்பாள் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வழியில்லை. கேட்கிற நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இறங்கி ஓடினேன். பூசை அறையில் அண்ணி அப்போதுதான் விளக்கை ஏற்றியிருந்தார். வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. கொல்லைக் கதவு இறுகச் சாத்தியிருந்தது. அதன் அடியில் அடித்திருந்த இரும்புப் பட்டை ஒயரின் கழுத்தில் ஏறி நின்றது. ஒயர் போனதும், மாடி டப்பா பழையபடி காற்றில் கையேந்தப் போய்விடும். காலையில் கதவைத் திறந்ததும் ஒயர் மறுபடி மூச்சு விடும்.

"அண்ணி, ஏழு மணி வரைக்கும் மட்டும் இந்தக் கதவத் தெறந்து வைங்களேன்."

"வெளக்கு வைக்கிற நேரத்துல கொல்லைக் கதவத் தெறந்து போடச் சொல்றீகளா? முன்னால வந்த லச்சுமி பின்னால போயிர மாட்டாளா? நல்லாச் சொன்னீக!"

"மேல ஒருத்தி வேலை போகப் போகுதுங்கிறேன்."

"அதுக்கு? என் வீட்டுல வெளக்குப் பொருத்துறத நிப்பாட்டணுமா?"

என் வீடு. அந்தச் சொல்தான். அண்ணன் பேப்பரை மடித்துவிட்டு, "மூணு டப்பாவுக்கு இம்புட்டு ரகளையா?" என்றார். யாரிடம் கோபப்படுவது? விளக்கிடமா? லட்சுமி எந்த வாசலில் வந்து எந்த வாசலில் போகிறாள் என்று தினமும் கணக்காகப் பார்க்கிறவர்கள், தலைக்கு மேலே ஒருத்தி எப்படி வாழ்கிறாள் என்று ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை. நான் போட்ட சத்தத்தில் தெருவில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. பயன் ஒன்றுமில்லை. தாழ்ப்பாள் தாழ்ப்பாளாகவே கிடந்தது.

வியாழன் காலை பாய் டிரில்லிங் மிஷினோடு வந்தார். கூடத்தில் நின்று தயங்கினார். "வீட்டுக்காரவுக சரின்னு சொல்லாம நான் தொட மாட்டேன் சார். நாளைக்கு என்னையத்தான் பிடிப்பாக."

தங்கை மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் ஒரு சாக்பீஸ். ஸ்டூலில் ஏறினாள். அண்ணனின் புதுப் பெயிண்ட் மேல், கூடத்துக் கூரையின் மூலையில், சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். இறங்கி, பாய்க்கு நேராக நின்று கைகளால் பேசினாள். அவளுக்கு நான் குரல் கொடுத்தேன்.

"வீட்டுக்காரி சொல்றேன். இந்த வீட்டுல பாதி என்னோடது. அந்தப் பாதியில ஒரு ஓட்டை போடுங்க."

பாய் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அவளைப் பார்த்தார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக நேராகப் பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். "என்னமோ பண்ணிக்கங்க!"

மிஷின் கத்தியது. கல் கத்தியது. அண்ணி காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனார். நான் மாடிக்கு ஏறினேன். தங்கை எனக்கு முன்பே வந்து, தரையில் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் பதித்திருந்தாள். கைகளை நகர்த்தி நகர்த்தி அதிர்வைத் தேடினாள். ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு விரலை ஊன்றி, என்னை நிமிர்ந்து பார்த்தாள். விரலை எடுத்த கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் சாம்பல் நிறத் தூள் பொங்கி வந்து, நடுவே இரும்பு முனை தலை நீட்டியது. அவள் சிரித்தாள். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள், கண்ணில் தூசி.

சாயங்காலம் ஆறு மணி. அண்ணி விளக்கேற்றினார். கொல்லைக் கதவைச் சாத்தினார். டப்பாவின் விளக்கு வெள்ளையாகவே எரிந்தது. தங்கை ஒரு கொய்யாப்பழத்தை நாலாக வெட்டி, ஒரு துண்டை உயர்த்தினாள். கை ஓடியது, தடங்கலே இல்லாமல், மழைக்காலத்து வாய்க்கால் மாதிரி. பாலசமுத்திரத்துப் பிள்ளை தென்னைக்கு அடியிலிருந்து துள்ளிப் பதில் சொன்னது. வகுப்பு முடிந்ததும் எட்டுப் பிள்ளைகளும் கைகளை உயர்த்தி விரல்களைப் படபடவென்று அசைத்தார்கள். அதுதான் அவர்கள் கைதட்டல். ஒன்பதாவது சதுரத்தில் மேற்பார்வையாளரின் கைகளும் அசைந்தன. அடுத்த மாதத்திலிருந்து தங்கை நிரந்தரம்.

திரும்பிப் பார்த்தேன். அறை வாசலுக்கு வெளியே அண்ணன் நின்றிருந்தார். என் கண்ணில் பட்டதும் இறங்கிப் போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவர்தான் வண்டியில் கொண்டு வந்து விட்டார். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நான் படியில் கால் வைத்தபோது கேட்டார்.

"அந்தக் கொய்யாப்பழத்த வெட்டி வெட்டி என்னத்தலே சொல்லிக் குடுக்குறா?"

"அவகிட்டயே கேளுண்ணே."

"எனக்கு அந்தக் கைப்பேச்சு தெரியாதேப்பா."

ஒரே வீட்டில் நாற்பது வருடம். கண்டக்டர் விசில் ஊதினார். அடங்கியிருந்த கோபம் மறுபடி தொண்டைக்கு வந்தது. இந்த முறை விழுங்கவில்லை.

"மாடிக்குப் பதினேழு படிதாண்ணே. ஏறிப் போய்க் கத்துக்க. வாரேன்."