எட்டு ஜன்னல், எட்டு நீலப் பீப்பாய்

காலை 7.20. கோலாலம்பூரிலிருந்து கோலா சிலாங்கூர் பஸ்ஸில் ஏறினேன். கட்டணம் ஏழு வெள்ளி முப்பது காசு. மடியில் ஒரு பை, கைப்பேசியில் ஒரு படம்.

அந்தப் படத்தைப் பத்து நாளைக்கு முன் எங்கள் செய்தித் தளத்தில் ஏற்றியவள் நான்தான். செம்பனை ஆலை ஒன்று கால்வாயில் கறுப்புக் கழிவைத் திறந்துவிடும் படம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கும் ஒரு பெண், சமைக்கும்போது தன் குசினி ஜன்னல் வழியாக எடுத்தது. அவர் எங்கள் வட்டார நிருபர் செல்வம் அண்ணனை நம்பிக் கொடுத்தார். அண்ணன் என்னை நம்பி அனுப்பினார். நான் அவசரத்தில் ஓரத்தை வெட்டாமல் போட்டுவிட்டேன். இடது மூலையில், ஜன்னலுக்குக் கீழே ஒரு நீலப் பீப்பாயின் வாய் தெரிந்தது.

மூன்றாம் நாள் அண்ணனின் கார்க் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். சீட்டில் ஒரு காகிதம் கிடந்தது: ‘யார் கொடுத்தது?’ அண்ணன் போலீசில் புகார் கொடுத்தார். பெயரை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம், அதாவது நேற்று, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் லயத்தில் ஜன்னல் ஜன்னலாகப் பார்க்கத் தொடங்கினான். ஆலையும் தோட்டமும் வீடுகளும் ஒரே முதலாளிக்கு. அந்தப் பெண் யாரென்று தெரிந்தால் வேலையும் வீடும் ஒரே நாளில் போகும்.

9.05. பஸ் புக்கிட் ரோத்தானில் நின்றது. நான் போகவேண்டிய இடம் அதுதான். ஆனால் எழவில்லை. “அங்க எறங்காத,” என்று அண்ணன் முதல்நாளே சொல்லியிருந்தார். “பஸ் ஸ்டாப்புக்கு எதுர ஒக்காந்திருக்கவன் எல்லாம் தேத்தண்ணி குடிக்க வந்தவன் இல்ல.” ஜன்னல் வழியே பார்த்தேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் பஸ்ஸைப் பார்த்தார்கள். பஸ் வந்தால் யாரும் பார்க்கத்தான் செய்வார்கள். இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டேன்.

9.25. கோலா சிலாங்கூர். ஆற்றுச் சேறும் கருவாடும் கலந்த காற்று. கைப்பேசியில் ஒரு காரைப் பிடித்து வந்த வழியே திரும்பினேன், பன்னிரண்டு வெள்ளி. ஓட்டுநர் நம்மவர். நாற்பது வயது இருக்கும். முன்கண்ணாடி ஓரத்தில் வாடாத மல்லிகைச் சரம்.

“வேலையா வந்தீங்களா தங்கச்சி?”

“கல்யாணச் சாமான் எடுக்க,” என்றேன். வாயில் முதலில் வந்தது அதுதான்.

“புக்கிட் ரோத்தான்லயா? கோலாலம்பூர்ல கடையெல்லாம் மூடிட்டாங்களா லா?”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ரோட்டைவிடக் கண்ணாடியில் என்னைத்தான் அதிகம் பார்த்தார் என்று தோன்றியது.

9.50. செல்வம் அண்ணன் வீடு. கார் முகப்பில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. “நல்லாத்தான் இருக்கு. ஏர்கோன் மிச்சம்,” என்றார். உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது: “அடுத்தது மண்டைய ஒடைப்பாங்க, ஷாம்பு மிச்சம்.”

அந்தப் பெண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றேன். அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். “நீ போயி அவங்க வாசல்ல நின்னா, இந்த வீடுதான்னு போர்டு மாட்டுன மாதிரி. வேணாம்மா.” பெயரைக் கேட்டேன். அதையும் சொல்லவில்லை. அப்படி ஒரு பெண் இருக்கிறாரா என்றுகூட ஒரு நிமிடம் அவரையே சந்தேகித்தேன்.

11.15. அண்ணனின் மோட்டார் சைக்கிளில் ஆறு கிலோமீட்டர். கால்வாயின் இந்தக் கரையில், லயத்துக்கு நேர் எதிரே, செம்பனை நிழலில் நிறுத்தினார். எட்டு வீடுகள், எட்டுக் குசினி ஜன்னல்கள். ஒரு பீப்பாயைத் தேடிய என் கண்ணுக்கு எட்டுப் பீப்பாய்கள் தெரிந்தன. ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழும் ஒன்று. எல்லாம் நீலம்.

“முந்தாநேத்து வரைக்கும் ஒண்ணுதான் இருந்துச்சி,” என்றார் அண்ணன்.

“யாருண்ணே வச்சா?”

“கேட்டுப் பாரு. எங்க வீட்டுல பத்து வருசமா கெடக்குன்னு எட்டுப் பேரும் சொல்லுவாங்க.”

எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது. அண்ணனை மரத்தடியில் விட்டுவிட்டுக் தண்ணீர் ஓரம்வரை தனியாக நடந்தேன். பக்கத்தில் போனதும்தான் பார்த்தேன். ஏழு பீப்பாய்கள் காய்ந்து, புத்தம் புதிதாகப் பளபளவென்று இருந்தன. ஒன்றில் மட்டும் மழைநீர் விளிம்பில் ததும்பி வழிந்திருந்தது. வெளியே அடிப்பக்கம் பச்சைப் பாசி; பழையது எது என்று பார்த்தவுடனே தெரியும்.

அதே நேரத்தில் எதிர்க்கரையில் ஓர் ஆள் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்து ஜன்னல்களோடு ஒப்பிட்டான். என் கையில் இருந்த அதே படம். எங்களுக்கு நடுவில் பதினைந்து அடித் தண்ணீர்.

“என்ன பாக்குறீங்க?” என்று கத்தினான்.

“கொக்கு,” என்றேன். நல்லவேளை, நான்கு கொக்குகள் நின்றன.

அவன் கொக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “சரி சரி. கல்யாணச் சாமான் எடுத்தாச்சா தங்கச்சி?”

காரில் தொங்கிய மல்லிகைச் சரம் ஞாபகம் வந்தது; அந்த ஓட்டுநரிடம் மட்டும்தான் அதைச் சொல்லியிருந்தேன். கொக்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் முதல் ஜன்னலிலிருந்து மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். ஒவ்வொன்றிலும் நிறுத்தும் சத்தம் கேட்டது. எதில் அதிக நேரம் நின்றான் என்று நான் பார்க்கவில்லை. நான் எங்கே பார்க்கிறேன் என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

12.40. அண்ணன் வீட்டில் பாசியைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பெண்ணை அழைக்க அண்ணன் கைப்பேசியை எடுத்தார். பிறகு கீழே வைத்துவிட்டார். அதற்குள் அண்ணி கிளம்பிவிட்டார். சேலை மாற்றி, கோயில் திருவிழா அழைப்பிதழ்க் கட்டை எடுத்துக்கொண்டார். “எட்டு வீட்டுக்கும் குடுக்கணும்ல. ஒரு வீட்டுக்கு மட்டும் போனா மத்தவங்க கோவிச்சுக்குவாங்க,” என்று செருப்பை மாட்டினார்.

3.30. கோலா சிலாங்கூருக்கு அண்ணனே கொண்டுவந்து விட்டார். திரும்பும் பஸ்ஸில், என் பின்சீட்டில் ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். நான் இடம் மாறினேன். அவன் கோலாலம்பூர்வரை வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

6.10. பதினோராவது மாடியில் என் வீடு. எதிரே உள்ள அடுக்குமாடியில் எத்தனை ஜன்னல்கள் என்று இதுவரை நான் எண்ணியதில்லை. குசினி விளக்கைப் போடாமல் நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து செய்தி வந்தது: ‘எட்டும் கழுவியாச்சு.’ அந்த ஆளின் கண்ணில் பாசி ஏற்கனவே பட்டுவிட்டதா என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

மேலே உள்ள பஸ் கட்டணமும் நேரங்களும் சரி. ஆனால் வீடுகள் எட்டல்ல. தோட்டம் ஆறு கிலோமீட்டரில் இல்லை. ஜன்னலுக்குக் கீழே இருந்தது நீலமும் அல்ல, பீப்பாயும் அல்ல. பயணம் போகாதவர்களுக்காக எழுதுபவள் கண்டதைக் கண்டபடி சொல்லவேண்டும் என்பது தெரியும். இந்த முறை ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் போடுகிறேன்.