நெல் கிளறிய பேய்

இன்று காலை ஆறு நாற்பதுக்குச் சன்னலைத் திறந்தபோது முதலில் தெரிந்தது ஒரு பேய். பக்கத்து வீட்டுச் சிறுமி. தலைமயிரை முகத்தில் தொங்கவிட்டு, வெள்ளைப் படுக்கைவிரிப்பைப் போர்த்தியபடி வேலியோரம் நின்றாள். தமையன் கைபேசியில் படம்பிடித்தான். காலில் நீலச் செருப்பு. கழற்றச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். பவுடர் மணம் சன்னல்வரை வந்தது.

அந்த மணம் வந்தால் எனக்கு மச்சான் வசியின் ஞாபகம் வரும். எங்கள் ஊர் கண்டாவளையில் உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டே பேய்ப்படம் எடுத்தவன். நான் அப்போது பத்திரிகையில் சேர்ந்த புதிது. சிரிக்காதீர்கள், நானும் ஒன்று எடுத்திருந்தேன்: வாடகைக் கமெரா, விளக்குகள், முக்காலி எல்லாம் வைத்து. எங்கள் முற்றத்தில் அதைப் போட்டுக் காட்டியபோது ஒருவரும் அசையவில்லை; பயத்தில் அல்ல. அம்மா கடைசிவரை இருந்து பார்த்தார். “வடிவா எடுத்திருக்கிறாய், தம்பி” என்றுவிட்டுக் குசினி அடுப்பைப் பார்க்கப் போனார்.

வசியிடம் விளக்கு இல்லை. இருட்டில் அவனுடைய கைபேசிக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அவனுடைய பேய் உச்சி வெயிலில் வரவேண்டியதாயிற்று. நடிக்க ஆள் கிடைக்காமல் என் அம்மாவைக் கேட்டிருக்கிறான். அவரும் சம்மதித்திருக்கிறார். எனக்கு அவரைக் கேட்கத் தோன்றவே இல்லை.

படமெடுத்த அன்று வீதியில் எங்கள் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பேயைக் கண்டு ஓடுகிறவனாக நடித்த பையனுக்கு எப்படி ஓடவேண்டுமென்று வசி விளங்கப்படுத்த, அம்மாவுக்குச் சும்மா நிற்க முடியவில்லை. விரித்த தலையோடு, பவுடர் முகத்தோடு, நெல்லைக் காலால் கிளறத் தொடங்கினார். பாதம் தூக்காமல், குனிந்த தலையோடு, சால் சாலாகப் போவதும் வருவதும். வசி கைபேசியை நிறுத்தவில்லை. ஒரு சைக்கிள்காரர் மணியடித்து ஒதுங்கிப் போனதும் படத்தில் இருக்கிறது.

வருடாவருடம் நான் பார்த்த வேலைதான் அது.

அதே முற்றத்தில் அவன் அதைப் போட்டபோது சனத்தின் கதைபேச்சு நின்றுபோனது. “இனி மத்தியானத்தில உங்கட பக்கம் வரமாட்டன், அக்கா” என்றார் முன்வீட்டுக்காரி. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் பெயர் முதன்முதலில் பத்திரிகையில் வந்த நாளில்கூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. சைக்கிள்காரர் குறுக்கே வந்தது பிழை என்றேன்.

“அவர் பயப்பிடேல்லை எண்டதுதானடா மச்சான் பயம்” என்றான் வசி.

அந்த வீதியில் இப்போது நெல் காய்வதில்லை. வெட்டிய ஈரத்தோடு வயலிலேயே லொறிக்கு ஏறிவிடுகிறது. அம்மாவும் இல்லை. அவர் நடமாடும் படம் வசியிடம் மட்டும்தான் இருக்கிறது. பார்க்கவேண்டுமென்றால் அவனிடம்தான் கேட்கவேண்டும்.

என் படத்தில் ஓரிடத்தில், “தேத்தண்ணி ஆறுது” என்று அம்மாவின் குரல் விழுந்திருந்தது. அதை நான் வெட்டி எடுத்துவிட்டேன்.