கருகிய மிளகாயும் கறுப்பு அங்கிப் போதகரும்

செத்தல் மிளகாய் கருகும்போது முதலில் தொண்டைதான் அறியும். பிறகு கண் எரியும், பிறகு கட்டடம் முழுவதும் இருமும். எனக்குப் பதின்மூன்று வயதாயிருந்த குளிர்காலத்தில், ஜெர்மனியில் டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் நாங்கள் "ஹைம்" என்று சொன்ன அகதி விடுதியை அப்படி இரும வைத்தது நான்தான்.

அம்மா பொதுச் சமையலறையில் மிளகாயைச் சட்டியில் போட்டு, "பிரட்டிக்கொண்டு நில் பிள்ளை, இந்தா வாறன்" என்று மேலே போனார். யன்னலுக்கு வெளியே பனி கொட்டத் தொடங்கியதும் நான் அகப்பையை வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடினேன். அலாரம் அலறியபோது, எங்கள் மாடியில் தனியாக இருந்த லீலா அக்காதான் ஓடிப்போய் அடுப்பை நிறுத்தினார். "ஹவுஸ்மைஸ்ரர்" என்ற விடுதிப் பொறுப்பாளர் வந்து, யார் வறுத்தது என்று கேட்டபோது, கருகிய சட்டி லீலா அக்காவின் கையில் இருந்தது. கதவடியில் பனி ஒட்டிய சப்பாத்தோடு நின்ற என்னை லீலா அக்கா ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். அவர் இனிச் சமையலறைக்குள் வரக்கூடாது என்று மறுநாள் கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது.

"வாயைத் திறவாதை, எங்கட அன்ராக்குக்கு இன்னும் முடிவு வரேல்லை" என்றார் அம்மா. ஒரு சட்டி மிளகாய் அந்த அன்ராக்கை, எங்கள் அகதி விண்ணப்பத்தை, கெடுத்து, எங்களைத் திருப்பி அனுப்பிவிடும் என்று நாங்கள் மனதார நம்பினோம். லீலா அக்காவுக்கும் ஓர் அன்ராக் இருந்ததைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவர் மூன்று வாரம் அறைக்குள் இருந்து பாணும் ஜாமும் சாப்பிட்டார். "தனிய இருக்கிறவைக்கு என்ன கவனம்" என்று மற்றப் பெண்கள் அவருக்குக் கேட்கும்படியே சொன்னார்கள்.

அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய அமெரிக்க நாவலின் சுருக்கத்தை ஆளுக்கொரு பாத்திரமாக வாசித்தோம். ஊர் பழிக்கும் ஒரு பெண் கைக்குழந்தையோடு மேடையில் நிற்கிறாள்; தகப்பன் பெயரைக் கேட்கிறார்கள்; அவள் சொல்ல மறுக்கிறாள். அவளிடம் கேட்கிறவர்களில் ஒருவரான இளம் போதகர்தான் அந்தத் தகப்பன். வகுப்பில் வாயே திறக்காத எனக்குப் போதகரின் பகுதி வந்தது. அவர் உள்ளுக்குள் உருகி மெலிய மெலிய, ஊரார் அவரை இன்னும் பெரிய புனிதராக்கினார்கள். கோயிலை மட்டுமே அறிந்த எனக்கு, கறுப்பு அங்கி போட்ட அந்த மனிதர் இவ்வளவு நெருங்கிப் பழகியவர் போலத் தெரிந்தது மலைப்பாக இருந்தது. கடைசியில் அவர் அதே மேடையில் ஏறி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர் முழுவதற்கும் உண்மையைச் சொல்கிறார். அந்த வரிகளை வாசித்தபோது என் குரல் முதன்முறையாக எனக்கே கேட்டது. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பள்ளி விட்டதும் நேரே ஹவுஸ்மைஸ்ரரிடம் போய், "மிளகாயைக் கருக்கினது நான்தான்" என்று டொச் மொழியில் சொன்னேன். அவர் எழுந்து வந்து சமையலறைக் கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்தெடுத்தார். அவ்வளவுதான். நாவலில் போதகர் சொன்ன கையோடு உயிரை விட்டார். என்னிடமோ லீலா அக்கா, "வா, வெங்காயம் உரி" என்றார். அம்மா மூன்று தட்டுகளை எடுத்து வைத்தார். பிறகு இரண்டு அன்ராக்குக்கும் நல்ல முடிவே வந்தது.

அந்த ஹைமை இடித்து இப்போது கார் நிறுத்துகிறார்கள். மிளகாய்த்தூள் பொதியில் வருகிறது, ஒருவரும் இருமுவதில்லை. போன கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவில், லீலா அக்காவுக்கு அந்தப் போதகரின் கதையை முதன்முறையாகச் சொன்னேன்.

"உந்தப் பாதிரியார் எவ்வளவு காலம் பேசாமல் இருந்தவர்?"

"ஏழு வருசம், அக்கா."

"நீ மூண்டு கிழமை" என்றார், சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு. பிறகு என் கையைப் பிடித்து, தேர்வடத்தில் தனக்குப் பக்கத்தில் வைத்தார்.