கெட்ட சேதி டாக்டர்

ஹாலிவுட்டை ஒட்டிய பர்பேங்க் ஊர் மளிகைக்கடையில் ஆர்லன் பிட்கினைப் பார்ப்பவர்களுக்கு முகம் தெரியும், பெயர் வாயில் வராது.

"போன வாரம் டிவியில அந்தப் பிள்ளைத்தாச்சியைச் சாகவிட்ட டாக்டர் நீங்கதானே?" என்பார்கள்.

"நான் என்னங்க பண்றது, எழுதினவன் சாகடிச்சிட்டான்" என்று சிரித்து வைப்பார்.

கன்சாஸிலிருந்து கதாநாயகனாகும் கனவோடு கிளம்பியவர்தான். காது கொஞ்சம் பெரிது, முன்வழுக்கை சீக்கிரமே ஏறிவிட்டது. ஹாலிவுட் ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டது, கடைசிவரை கழற்ற விடவில்லை. ஆபரேஷன் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார், முகமூடியை இறக்குவார், "எங்களால முடிஞ்சதையெல்லாம் செஞ்சோம்" என்பார், வந்த வழியே போய்விடுவார். காமிரா அழுகிறவர்கள் பக்கம் திரும்பிவிடும். வயிற்றுப்பாடு அதில்தான் ஓடியது.

ஒவ்வொரு வேஷத்துக்கும் சமையலறை மேஜையில் ஒத்திகை உண்டு. எதிர் வசனம் பேசுவது மனைவி லோரீன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே யாரோ ஒருத்தியின் புருஷனுக்காக அழுவாள். முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு எனக்கே நெஞ்சு அடைச்சுது. டாக்டரே, இந்தத் தோலைக் குப்பையில போடுங்க" என்பாள். அவளுக்கு அழுகை வரும்வரை ஆர்லன் ஒத்திகையை விடமாட்டார்.

அந்த லோரீன் ஒரு நாள் காலையில் துணி உலர்த்தப் போன இடத்தில் சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வந்து என்னவோ சொன்னார். உயிர் போய்விட்டது என்பதைத் தவிர ஆர்லன் காதில் எதுவும் ஏறவில்லை. மகள் டெல்லா சிகாகோவிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தாள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று மட்டுமே அவளுக்குத் தெரியும். மீதியைச் சொல்ல வேண்டியவர் இவர்தான்.

சாயங்காலம் டெல்லா பெட்டியும் கையுமாக ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். ஆர்லன் எழுந்தார். தோள் தானாக நிமிர்ந்தது, குரல் தானாகத் தாழ்ந்தது.

"எங்களால முடிஞ்சதையெல்லாம் செஞ்சோம்" என்றார். குரலில் துளி பிசிறில்லை.

டெல்லா பெட்டியைக் கீழே போட்டாள். "என்கிட்டயுமாப்பா? சின்ன வயசிலேர்ந்து அடுத்த ரூம்ல படுத்துக்கிட்டு நான் கேட்ட வசனம் இது. அம்மாவுக்கு என்னாச்சுன்னு நீ சொல்லு."

ஊரார் வீட்டுச் சாவையெல்லாம் அத்தனை பதமாகச் சொன்ன மனுஷன், பாவம், தன் வீட்டுச் சாவுக்குத் திக்கி நின்றார்.

"இதுக்கப்புறம் உங்கம்மாதான் அழுவா," என்றார் கடைசியில். "எனக்கு மேல வசனம் கிடையாதும்மா."

டெல்லா அழத் தொடங்கினாள். பழக்கதோஷத்தில் அவர் கதவுப் பக்கம் திரும்பினார். கால் நகரவில்லை.