பாடச் சொன்ன பொறியியல் தேர்வு

தகுதி உங்களுக்கு, இடம் அடுத்தவனுக்கு என்றால் உங்கள் வயிறு எரியாதா?

ஜப்பான்காரன் ஆட்சியில், மலாயாவின் மூவார் ஊரில் மரியநாதனுக்கு எரிந்தது. அவனும் வாலண்டைனும் பொறியியல் படித்தவர்கள். இருவருக்கும் ஒரே மராமத்து அலுவலகம், ஒரே தேவாலயப் பாடகர் குழு. ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் மேற்படிப்புக்கு இருவரும் விண்ணப்பித்தார்கள். இருந்ததோ ஒரே இடம்.

மரியநாதன் பாலக் கணக்குகளை விழுந்து விழுந்து படித்துவிட்டுப் போனான். தேர்வு அதிகாரி கணக்கே கேட்கவில்லை. ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசை என்று கிழக்கே திரும்பிக் குனிந்து வணங்கச் சொன்னார். பிறகு ஒரு ஜப்பானியப் பாட்டைப் பாடச் சொன்னார். வாலண்டைனுக்குத் தேன் குரல். மரியநாதனைப் பாதிரியாரே பாடகர் குழுவின் பின்வரிசையில்தான் நிறுத்தியிருந்தார்.

"எனக்குக் கிடைச்சிருச்சு லா!" என்று ஓடிவந்தான் வாலண்டைன்.

"பாலம் இடிஞ்சா பாட்டுப் பாடி நிமித்துவியா?" என்றான் மரியநாதன்.

"பொறாமையாடா?"

"ஆமாடா, பத்திக்கிட்டு எரியுது!"

வாலண்டைன் முகம் சுருங்கியது. "எனக்கும் கணக்கு வரும்டா. அந்த ஆளு கேக்கவே இல்லையே."

மரியநாதனின் பொறாமை அதற்குப் பிறகும் அடங்கவில்லை. ஆனால் நண்பன் மேல் இருந்த கோபம் அந்த அதிகாரி மேல் திரும்பியது.

தேர்வுக் குழுவில் நாளை உட்காரப் போகிறவரே, படிப்புக்கு வேண்டியதை மட்டும் கேளுங்கள்.