தாவீதும் ஸ்டாம்பும்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் தாவீதுக்குச் சட்டைப் பையில் ரெவின்யூ ஸ்டாம்பு இல்லாவிட்டால் சட்டையே போடாத மாதிரி இருக்கும். மல்லிக்கு முன்பணம் கேட்டு எந்த விவசாயி வந்தாலும் சரி, மனுசர் முதலில் நாக்கை நீட்டுவார். ஸ்டாம்பை நக்கி புரோநோட்டில் ஒட்டி, அதன் மேல் பாதி, தாள் மேல் பாதியாகக் கையெழுத்து விழுந்தால்தான் பணம் வெளியே வரும். மச்சானுக்குக்கூட அப்படித்தான் கொடுத்தார். மச்சான் ஒரு வருசம் பேசவில்லை. தாவீதும் போடா என்று விட்டுவிட்டார்.

அவருடைய பக்கத்து வீட்டுக்காரி ஷாஹின் பானு. வீட்டை ஒட்டின கொட்டகையில் ஒரு விசைத்தறி ஓட்டுகிறாள். அடுத்த தெருவில் இன்னொரு தறி விலைக்கு வந்தது. சாயங்காலம் ராஜபாளையத்துக்காரன் ஒருவன் வந்து பார்த்தால் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அதற்குள் பணம் வேண்டும் என்று காலையிலேயே தாவீதிடம் வந்து நின்றாள்.

"வட்டி மட்டும் வேண்டாம் அண்ணாச்சி. எங்களுக்கு ஹராம்."

"அசல் வந்தாப் போதும்மா. உன் மாப்பிள்ளய புரோநோட்டு எழுதித் தரச் சொல்லு."

அவள் புருசன் நியாஸ் அகமது இருப்பது துபாயில். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் தாவீதின் போனுக்கு புரோநோட்டு வந்துவிட்டது. ஆதார் நம்பரைப் போட்டு, ஓடிபி வாங்கி, கம்ப்யூட்டரிலேயே கையெழுத்துப் போட்டிருந்தான்.

தாவீதுக்கு அதை எங்கே நக்கி எங்கே ஒட்டுவது என்று தெரியவில்லை. ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பிரிண்ட் எடுத்தார். கையெழுத்து இருந்த இடத்தைப் பார்த்து ஸ்டாம்பை ஒட்டி அமுக்கினார். கையெழுத்து ஸ்டாம்புக்கு அடியில் போய்விட்டது.

வீடியோ காலில் அதைப் பார்த்த நியாஸ் சிரித்தான். "கையெழுத்துக்குப் போர்வை போத்திட்டீகளே, அண்ணாச்சி."

"சிரிக்காதலே. இது செல்லுமா, செல்லாதா?"

வக்கீல் ப்ரியதர்ஷினி வழக்கமாக இவர் கடையில்தான் பூ வாங்குவாள். அவளுக்குப் போன் போட்டார்.

"பேங்கு, ரிசர்வ் பேங்கு கண்காணிக்கிற பைனான்ஸ் கம்பெனி, இப்படிப்பட்டவங்க பேருக்கு எழுதுற புரோநோட்டுன்னா கம்ப்யூட்டர் கையெழுத்து செல்லும் அண்ணாச்சி. 2022-ல சட்டத்தை அப்படித் திருத்துனாங்க. நீங்க தனி ஆளு. தனி ஆளுக்கு இன்னமும் தாளும் பேனாவும்தான்."

"அப்ப நான் பேங்க் ஆகணும்."

"ஆகுங்க. பூவ மட்டும் ஒழுங்கா நிறுத்துப் போடுங்க."

துபாயிலிருந்து தாள் வந்து சேர்வதற்குள் தறி ராஜபாளையத்தில் நெய்துகொண்டிருக்கும். தாவீது ஷாஹின் பானுவைப் பார்க்க முடியாமல் தலைக்கு மேல் சுற்றின காற்றாடியைப் பார்த்தார். சும்மா தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை. வெறுங்கையோடு அனுப்பவும் வரவில்லை.

ஷாஹின் பானு அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள்.

"தறி ஓட்டுதது யாரு?"

"நீதான்."

"நூல் வாங்குதது, சேலய விக்குதது?"

"நீதாம்மா."

"பொறவு எதுக்கு அண்ணாச்சி துபாய்ல போய்க் கையெழுத்துத் தேடுதீக? என் கையெழுத்து ஸ்டாம்புல ஒட்டாதோ?"

இத்தனை வருசத்தில் தாவீது வீட்டு ஆம்பளையிடம்தான் எழுதி வாங்கியிருக்கிறார். ஏன் என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை. புதுத் தாளில் அவள் பேரைப் போட்டு எழுதினார். ஸ்டாம்பை நக்கி ஒட்டினார். அவள் போட்ட கையெழுத்து ஸ்டாம்பைத் தாண்டித் தாளின் ஓரம் வரை ஓடியது.

"நான் சாட்சிக் கையெழுத்தாவது போடுதேன் அண்ணாச்சி," என்றான் மறுபடி வீடியோவில் வந்த நியாஸ்.

"அதுக்கும் பேனா வேணும்லே. போனை வை."

ராஜபாளையத்துக்காரன் வந்து இறங்கும்போது தறி லோடு ஆட்டோவில் ஏறியிருந்தது. தாவீது அதற்கு ஒரு மல்லிகை மாலை போட்டுவிட்டார். ஷாஹின் பானுவுக்கு ரெண்டு முழம் பிச்சிப்பூவைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தவள் கொட்டகை வாசலிலேயே நின்று சிரித்தாள். அந்தத் தாளின் உள்பக்கம் நியாஸின் புரோநோட்டு, போர்வை போத்தினபடியே இருந்தது.